பழைய கேம் பெட்டி, புதிய டிவி: படம் ஏன் இப்படி வருகிறது?

தீபாவளி முற்பணமும் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பிய காசும் சேர்ந்து, 32 அங்குலமோ 43 அங்குலமோ எல்ஈடி டிவி ஒன்று வீட்டுக்கு வந்துவிடுகிறது. பழைய பெட்டி டிவி, அதாவது குழாய் டிவி, மூலைக்குப் போகிறது. பிறகு ஒரு லீவு நாளில் யாராவது அலுமாரி மேலிருந்து கசெட் போட்டு விளையாடும் டிவி கேமையோ பிஎஸ் 2வையோ (பிளேஸ்டேஷன் 2) இறக்கி, தூசி தட்டி, புது டிவியில் சொருகுவார்கள். படம் மங்கலாக வரும், ஆட்கள் குண்டாகத் தெரிவார்கள், கலர் இருக்காது, பொத்தானை அமுக்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் தாவுவான். "கேம் பழுதாப் போச்சு" என்று மறுபடி அலுமாரி மேல் ஏற்றிவிடுவார்கள்.

அநேகமாகக் கேமில் பழுதே இருக்காது. அது குழாய் டிவிக்கென்று செய்த சிக்னலை அன்று அனுப்பியது போலவே இன்றும் அனுப்புகிறது. புது டிவிதான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறது. திருத்துகிற வேலையில் பெரும்பகுதி ரிமோட்டிலேயே முடியும், மிச்சத்தில் முக்கால்வாசி வயரில் முடியும். டவுனுக்குப் போய், பழைய சிக்னலை எச்டிஎம்ஐக்கு மாற்றும் கன்வெர்டர் வாங்குவதைக் கடைசிக்கு வையுங்கள். நான் பார்த்தவரை பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

கீழே உங்கள் டிவியில் தெரிகிற கோளாறைத் தேடிப் படியுங்கள். அதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கேம் சொருகியிருக்கும் இன்புட்டில் வைத்துக்கொண்டு பிக்சர் மெனுவைத் திறங்கள். அங்கே 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி, நொய்ஸ் ரிடக்ஷன், டைனமிக் கொன்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். ஷார்ப்னெஸைக் குறையுங்கள். சில பிராண்டுகளில் பூச்சியம்தான் இயல்பு நிலை, சிலவற்றில் நடு அளவு. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு மறைகிற இடத்தில் நிறுத்தினால் சரி. நிறைய டிவிகள் இந்த அமைப்பை ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாகச் சேமிக்கும். டிஷ் பார்க்கிற இன்புட்டில் மாற்றிவிட்டு, கேமில் மாறவில்லையே என்று யோசிக்க வேண்டாம்.

படமே இல்லை, 'நோ சிக்னல்' என்று காட்டுகிறது

டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். படத்துக்கான மஞ்சள் ஏவி துளையே இல்லாமல் பச்சை, நீலம், சிவப்பு, பக்கத்தில் இன்னொரு சிவப்பு, வெள்ளை என்று மட்டும் இருக்கிறதா? பச்சைத் துளையைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் இருக்கும், அல்லது அதன் அடியில் 'வீடியோ' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மஞ்சள் வயர் அந்தப் பச்சைத் துளைக்குத்தான் போக வேண்டும். சொருகிய பிறகு சோர்ஸ் பட்டியலில் 'ஏவி'யைத் தெரிவு செய்யுங்கள், பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வயரில் படம் வாங்கும் 'கொம்போனன்ட்' வேண்டாம்.

சில டிவிகளில் அதுவும் இல்லாமல், ஹெட்போன் துளை மாதிரி ஒரே துளைதான் இருக்கும். அதற்கு டிவியோடு வரும் குட்டி அடாப்டர் வயர் தேவை. பெட்டியைத் தூக்கி எறியும்போது அதையும் சேர்த்தே எறிந்துவிடுகிறார்கள். கடையில் வாங்கும் 3.5 மில்லிமீற்றர் வயர் எல்லா டிவிக்கும் பொருந்தாது, உள்ளே எந்த வளையத்தில் வீடியோ, எந்த வளையத்தில் எர்த் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். மஞ்சளில் படம் வராமல் ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று இரைச்சல் மட்டும் வந்தால், கேமிலிருந்து வரும் மஞ்சளை அடாப்டரின் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றி மாற்றிச் சொருகிப் பாருங்கள். அதனால் எதுவும் எரியாது. படம் வந்துவிட்டால் வயரில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். எதிலுமே வராவிட்டால் எர்த் வளையம் பொருந்தவில்லை, வேறு வயர்தான் வேண்டும்.

கன்வெர்டர் வைத்தும் படம் இல்லையென்றால் அதன் மேல் எழுதியிருப்பதை வாசியுங்கள். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும், எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் பெட்டியும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே துளைகள். கடையில் கேட்டால் கைக்கு அகப்பட்டதைத் தருவார்கள். அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்பதை அங்கேயே பார்த்து வாங்குங்கள்.

பிஎஸ் 3 வைத்திருப்பவர்களுக்கு வேறு வைத்தியம். டிவி மாற்றிய பிறகு கறுப்புத் திரை வந்தால் அது பழைய டிவியின் அமைப்பிலேயே நிற்கிறது என்று அர்த்தம். அணைத்துவிட்டு, பவர் பொத்தானை அமுக்கியபடியே இருங்கள். இரண்டாவது பீப் கேட்டதும் விடுங்கள், வீடியோ அமைப்பு ஆரம்பத்திலிருந்து கேட்கும். அந்த மெஷினில் எச்டிஎம்ஐ துளை இருக்கும்போதே கூட வந்த மஞ்சள் வயரில் வருடக்கணக்காக விளையாடுகிறவர்கள் உண்டு. ஒரு எச்டிஎம்ஐ வயர் போதும், இந்தக் கட்டுரையின் மிச்சம் அவர்களுக்குத் தேவைப்படாது.

"அண்ணே, கலரே வர மாட்டேங்குது"

இதற்கு மூன்று காரணம். முதலாவது மேலே சொன்னதுதான்: மஞ்சள் வயர் பச்சைத் துளையில் இருக்கிறது, ஆனால் சோர்ஸ் 'கொம்போனன்ட்'டில் நிற்கிறது. பச்சைத் துளை அப்போது வெளிச்ச அளவை மட்டுமே வாசிக்கும். சோர்ஸை 'ஏவி'க்கு மாற்றியதும் கலர் வந்துவிடும்.

இரண்டாவது, கலர் சிஸ்டம். நம் நாட்டில் டிவி பால் (PAL) முறையில் ஓடுகிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அந்தக் காலத்தில் என்டிஎஸ்சி (NTSC). இரண்டிலும் கலரைச் சுமக்கும் அலைவரிசை வேறு: பாலில் சுமார் 4.43 மெகாஹேர்ட்ஸ், என்டிஎஸ்சியில் சுமார் 3.58. யாராவது மெனுவில் கலர் சிஸ்டத்தைப் 'பால்' என்று பூட்டி வைத்திருந்தால் ஜப்பான் மெஷின் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் சிக்கலானது. வேறு நாட்டு டிஸ்கும் ஓடும்படி சிப் அடித்த பால் பிஎஸ் 1இல் அமெரிக்க டிஸ்க் போட்டால், மெஷின் 60 ஹேர்ட்ஸுக்கு (செக்கனுக்கு 60 படம்) மாறும்போது கலர் அலைவரிசையும் சேர்ந்து தவறிப்போகும். மெனு கலரில், கேம் கறுப்பு வெள்ளையில் என்று வந்தால் இதுதான். மஞ்சள் வயரில் இதற்கு ரிமோட் வைத்தியம் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே அனுப்பும் ஆர்ஜிபி வயர், அல்லது உள்ளே சரியான அலைவரிசை தரும் ஒஸ்சிலேட்டர் வைத்துச் சால்டர் செய்வது. அதை விட லேசான வழி, அதே டிஸ்கை ஒரு பிஎஸ் 2இல் போடுவது. அதுவும் சிப் அடித்ததாக இருக்க வேண்டும்.

படம் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை

அன்டனா துளையில் சொருகும் பழைய டிவி கேம்களில் இது வரும். பீதுருதாலகால உச்சியிலிருந்து வரும் ரூபவாஹினி உட்பட நம் ஒளிபரப்புகள் பால் பி-ஜி முறை: சத்தம் படத்திலிருந்து 5.5 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வரும். சீனாவின் பழைய முறை டி-கே, அதில் 6.5. அந்த நாட்டுச் சந்தைக்கென்று செய்த கேமைச் சொருகினால் படம் சரியாக டியூன் ஆகும், சத்தம் வெறும் 'ஸ்ஸ்ஸ்' என்று போகும். மேனுவல் டியூனிங்கில் சவுண்ட் சிஸ்டம் என்று ஒரு வரி இருக்கும். அதை டி-கே என்று மாற்றிச் சேமியுங்கள்.

அதே கேமின் பக்கவாட்டில் ஏவி துளை இருந்தால் அன்டனா வயரை மறந்துவிடுங்கள். டியூன் செய்து வரும் படம் எப்படியும் ஒரு படி கீழேதான்.

படம் மங்கல், எழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் எறும்பு ஊர்வது போல ஊர்கின்றன

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மஞ்சள் வயர் ஒரே கம்பியில் வெளிச்சத்தையும் கலரையும் கலந்து அனுப்புகிறது. டிவி அதை மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். பிரிப்பது ஒருபோதும் சுத்தமாக நடக்காது. கலரில் கொஞ்சம் வெளிச்சத்துக்குள் போய் ஊரும் புள்ளியாகிறது. வெளிச்சத்தில் கொஞ்சம் கலருக்குள் போய், நெருக்கமான கோடுகளின் மேல் வானவில் பூசுகிறது. குழாய் டிவியில் 21 அங்குலத்தில், திரையின் புள்ளிகளே பெரிதாக இருந்ததால் இது கண்ணுக்குத் தெரியவில்லை. 43 அங்குல டிவியில் 4:3 படம் மட்டுமே மூலைக்கு மூலை 35 அங்குலம் வருகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அதை முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கிறோம். பின்னால் தள்ளி உட்கார இடமில்லை. எந்தக் கன்வெர்டர் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மாற்றக்கூடியது வயர். எஸ்-வீடியோ வயரில் வெளிச்சமும் கலரும் தனித்தனிக் கம்பியில் போகும், ஊரும் புள்ளி அங்கேயே ஒழிந்துவிடும். ஆனால் புது டிவிகளில் அந்தத் துளை கிடையாது. ஐரோப்பாவின் ஸ்கார்ட் துளையும் நம் கடைகளில் விற்கும் டிவிகளில் அநேகமாக இருக்காது. ஆகவே நமக்கு மிஞ்சுவது பச்சை-நீலம்-சிவப்புக் கொம்போனன்ட். பிஎஸ் 2, பிஎஸ் 3, முதல் எக்ஸ்பொக்ஸ், நின்டெண்டோவின் வீ (Wii) ஆகியவை அதை நேரடியாகத் தரும். வீயில் வயரை மாற்றிவிட்டு, மெனுவில் 480பி என்பதையும் மறக்காமல் தெரிவு செய்யுங்கள். பிஎஸ் 1 கொம்போனன்ட் தராது. துளை ஒன்றுதான் என்பதால் பிஎஸ் 2 வயரை அதில் சொருகிப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அது தருவது ஆர்ஜிபி, அது வேறு.

மஞ்சள் வயர்தான் ஒரே வழி என்றால் நல்ல மஞ்சள் வயராக வாங்குங்கள். கூட வரும் மெல்லிய வயர்களில் பாதிக்கு உள்ளே கவசப் பின்னல் சரியாக இருக்காது. பிளக்கின் அருகே வயரைக் கையில் உருட்டிப் பாருங்கள். நூடில்ஸ் தடிப்பில் இருந்தால் அது குப்பைதான். டிஷ் வயரைப் போல வீடியோவுக்கென்று தடித்த கோஎக்சியல் உள்ள ஒன்றைக் கேளுங்கள். நீளம் ஒன்றரை மீற்றர் போதும்.

இன்னொரு விஷயம். சுத்தமான படம் எப்போதும் சரியான படம் என்று எண்ணிவிடாதீர்கள். சேகாவின் மெகா டிரைவ் மெஷினில் 1991இல் வந்த சோனிக் கேமின் நீர்வீழ்ச்சியைப் பாருங்கள். அது ஒன்று விட்டு ஒன்றாக வரைந்த நெட்டுக் கோடுகள். மஞ்சள் வயரின் மங்கலில் அந்தக் கோடுகள் கரைந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராகிவிடும். ஆர்ஜிபியில் பார்த்தால் வெறும் கம்பி வேலி. வரைந்தவர்கள் மங்கலையும் கணக்கில் வைத்துத்தான் வரைந்தார்கள். அதனால் சோனிக்குக்கு மட்டும் நான் மஞ்சள் வயரை விட்டுக்கொடுப்பதில்லை.

அடிபட்ட ஆள் மறைந்துவிடுகிறான். ஓடினால் உடம்பில் சீப்புப் பல் மாதிரிக் கோடு

மங்கலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வயர் மாற்றினாலும் போகாது.

குழாய் டிவி ஒரு படத்தை இரண்டு தவணையாக வரையும்: முதலில் ஒற்றை வரிகள், பிறகு இரட்டை வரிகள். அதைத்தான் 480ஐ என்கிறோம், பால் முறையில் 576ஐ. பழைய கேம்கள் ஒரு குறுக்கு வழி செய்தன. இரண்டு தவணையையும் ஒரே வரிகளின் மேலேயே வரையச் சொல்லி, செக்கனுக்கு 60 முழுப் படம் காட்டின. இது 240பி. பெட்டி டிவிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, சொன்ன இடத்தில் வரைந்துவிட்டுப் போகும். எல்ஈடி டிவியோ வருவதை 480ஐ என்று முடிவு செய்துவிட்டு, அடுத்தடுத்த இரண்டு படங்களை எடுத்து ஒன்றாகத் தைக்கப் பார்க்கிறது. ஓடுகிற ஆளின் இரண்டு நிலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் சீப்புப் பல்.

மறைவதற்குக் காரணமும் அதுவே. அடிபட்ட ஆளை ஒரு படம் விட்டு ஒரு படம் காட்டி மினுக்க வைப்பது அந்தக் கால வழக்கம், நிழலையும் அப்படித்தான் செய்வார்கள். டிவி அதில் ஒரு பாதியை எறிந்துவிட்டால் ஆள் முழுசாக மறைந்துபோவான், அல்லது மினுக்காமலே நிற்பான்.

ரிமோட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கேம் மோட் சில டிவிகளில் இந்தத் தையல் வேலையைக் குறைக்கும். 'ஃபில்ம் மோட்', 'சினிமா மோஷன்' போன்ற பெயரில் ஏதாவது இருந்தால் அணைத்துப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் 240பியை 240பியாகவே புரிந்துகொள்ளும் பெட்டி வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன். மலிவான ஏவி கன்வெர்டரும் டிவி செய்யும் அதே தப்பைத்தான் செய்யும். அதை வாங்கி இந்தக் கோளாறு தீருமென்று எதிர்பார்க்காதீர்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். டிவி கேமில் திரையில் ஒரே மட்டத்தில் நிறைய ஆட்களும் குண்டுகளும் வந்ததும் சில துண்டுகள் மினுங்கி மறையும். அது டிவியின் தப்பில்லை. 1983இல் ஜப்பானில் வந்த ஃபமிகொம் மெஷினும் அதைப் பார்த்துச் செய்த நம் டிவி கேம்களும் ஒரு வரியில் எட்டு அசையும் துண்டுகளுக்கு மேல் காட்ட மாட்டா. ஒன்பதாவது வந்தால் யாரையாவது விட வேண்டும் என்பதால் மாறி மாறி விடுகின்றன. பெட்டி டிவியிலும் அப்படித்தான் இருந்தது, நாம்தான் கவனிக்கவில்லை.

ஆட்கள் குண்டாகத் தெரிகிறார்கள்

ரிமோட்டில் 4:3. முடிந்தது. இரு பக்கமும் கறுப்பாக இருப்பது பிடிக்கவில்லை என்று வீட்டில் சொல்வார்கள், பழகிவிடும். 'சூம்' போடாதீர்கள், மேலே ஸ்கோரும் கீழே உயிர்க்கணக்கும் வெட்டுப்பட்டுவிடும். எச்டிஎம்ஐ கன்வெர்டர் வழியாக வந்தால் சில டிவிகள் 4:3 தெரிவையே காட்ட மாட்டா. கன்வெர்டர் படத்தை இழுத்து 16:9 ஆக்கி, டிவியிடம் இது முழு எச்டி என்று சொல்லிவிடுகிறது. அப்படியானால் கன்வெர்டரைக் கழற்றி நேராக ஏவியில் சொருகுவதே மேல்.

பொத்தானை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் தாவுகிறான்

கேம் மோட் போட்ட பிறகும் இருக்கிறதா? இடையில் கன்வெர்டர் இருந்தால் அதைக் கழற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். மரியோவில் ஒரே பள்ளத்தை இரண்டு விதமாகவும் தாவிப் பாருங்கள், விரலுக்குத் தெரிந்துவிடும். வயர்லெஸ் கன்ட்ரோலர் என்றால் வயர் உள்ளதை மாட்டிப் பாருங்கள். எல்லாம் செய்தும் தாமதம் இருந்தால் அந்த டிவியின் இயல்பே அது. வீட்டில் வேறு சின்ன டிவி இருந்தால் அதில் முயலுங்கள், விலை கூடிய டிவிதான் வேகமாக இருக்கும் என்று விதி இல்லை.

மேலும் கீழுமாகப் பட்டை ஓடுகிறது, படம் நெளிகிறது, முக்கியமாக இரவு ஏழு மணிக்கு மேல்

மலையகத்துக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். லயத்தில் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் ஹீட்டரும் ஓடும் நேரத்தில் வரிசைக் கடைசி வீட்டில் பல்ப் மங்கும். டிவி கேமின் பழைய அடாப்டர், கனமான டிரான்ஸ்ஃபோமர் வகை. வீட்டுக் கரண்ட் இறங்கினால் அதன் வெளியீடும் சேர்ந்து இறங்கும். பெரும்பாலான டிவி கேம்களின் உள்ளே 7805 என்ற ரெகுலேட்டர் 9 வோல்ட்டை 5 ஆக்கிக் கொடுக்கிறது. அதற்கு உள்ளே போவது 7 வோல்ட்டாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியதும் கரண்டின் துடிப்பு அப்படியே படத்தில் பட்டையாக ஏறும். 50 ஹேர்ட்ஸ் படத்தில் பட்டை மெல்ல நகரும், 60 ஹேர்ட்ஸ் படத்தில் ஓடும்.

கையில் எடுத்துப் பாருங்கள்: உள்ளங்கையில் கல் மாதிரிக் கனத்தால் பழைய வகை. பாரமே இல்லாமல், லேபலில் 'இன்புட் 100–240' என்று இருந்தால் புதிய வகை, அது கரண்ட் ஏறி இறங்கினாலும் வெளியீட்டைப் பிடித்து நிறுத்தும். 9 வோல்ட், 1 அம்பியரில் புதிய வகை ஒன்று வாங்குங்கள். வாங்குவதற்கு முன் கேமின் அடியில் அச்சிட்டிருக்கும் வட்டக் குறியைப் பாருங்கள், நடு ஊசி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று அது சொல்லும். பழைய ஜப்பான் மெஷின்களில் பலவற்றுக்கு நடு மைனஸ். மாற்றிச் சொருகினால் படம் திருத்தத் தொடங்கிய வேலை மெஷினுக்குக் கொள்ளி வைத்து முடியும்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமானாக வாங்கிய தடித்த பிஎஸ் 2 இருந்தால் நம் பிளக்கில் சொருகுவதற்கு முன் பின்பக்க லேபலைக் கட்டாயம் வாசியுங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் 230ஐ இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபோமர் இல்லாமல் தொடவே கூடாது.

பட்டை ஓடாமல், அசையாத மெல்லிய நெட்டுக் கோடுகள் திரை முழுக்க ஒரே இடைவெளியில் தெரிந்தால் அது வேறு. டிவி கேமின் போர்டுக்குள்ளேயே கலக்கும் இரைச்சல் அது. நல்ல அடாப்டர் போட்டால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. நீல வானம் வரும் கட்டங்களில் அதிகம் தெரியும். வெளிச்சத்தை ஓரிரு புள்ளி குறைத்துவிட்டு விளையாடுங்கள்.

படம் பச்சை, அல்லது ஊதா

கொம்போனன்ட் வயர் மாட்டிய பிஎஸ் 2 என்றால் மெஷின் ஆர்ஜிபியில் நிற்கிறது. மஞ்சள் வயரை மறுபடி மாட்டி, டிஸ்க் இல்லாமல் போட்டு, சிஸ்டம் கொன்ஃபிகரேஷனுக்குள் 'கொம்போனன்ட் வீடியோ அவுட்' என்பதில் ஒய் என்று தொடங்கும் தெரிவைப் போடுங்கள். பிறகு வயரை மாற்றுங்கள். பிஎஸ் 2 பின்பக்கத்தில் சொருகும் குட்டி எச்டிஎம்ஐ அடாப்டருக்கும் இதே அமைப்புத்தான் வேண்டும். கடையில் "பழுது" என்று திருப்பிக் கொடுக்கப்படும் அடாப்டர்களில் இந்த ஒரு வரி மாற்றாதவை நிறைய.

பிஎஸ் 2 கேம் நன்றாக வந்து, பிஎஸ் 1 டிஸ்க் போட்டதும் மட்டும் திரை கறுத்தால் அது 240பி. பல டிவிகள் கொம்போனன்ட் வழியாகவோ அந்தக் குட்டி அடாப்டர் வழியாகவோ 240பி வந்தால் ஏற்காது. பிஎஸ் 1 டிஸ்குகளுக்கு மஞ்சள் வயரை வைத்துக்கொள்ளுங்கள். நிறம் விட்டு விட்டு மாறினாலோ, அசைத்தால் சரியானாலோ, மூன்று பிளக்கில் ஒன்று தளர்ந்திருக்கிறது.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை, ஆட்டமும் பாட்டும் இழுபடுகிறது

பால் டிஸ்க். செக்கனுக்கு 60 படம் என்று செய்த கேமை 50க்கு அப்படியே மாற்றினார்கள், அதனால் சுமார் 17 வீதம் மெதுவாக ஓடும். வரிகள் கூடிய பால் திரையில் படம் முழுக்க நிரம்பாமல் சப்பையாகவும் நிற்கும். பிஎஸ் 2 கேம்கள் சிலவற்றில் தொடக்கத்திலோ மெனுவிலோ 60 ஹேர்ட்ஸ் தெரிவு உண்டு, அதைப் போடுங்கள். அது இல்லாத கேமுக்கு என்டிஎஸ்சி டிஸ்க்தான் வழி. சின்ன வயதில் இந்த மெதுவான வேகத்தில்தான் விளையாடினோம் என்பதால், சரியான வேகத்தில் வந்ததும் "இது ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு" என்று கேட்பவர்கள் உண்டு.

மழைக் காலத்தில் மட்டும் படம் கெடுகிறது

மஸ்கெலியா, ஹட்டன், நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை ஈரம் காயாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டு இறுதி மழை. ஏவி பிளக்கின் வெள்ளி நிறம் மங்கிப் பழுப்பாகும், அப்போது கலர் வந்து போகும், ஒரு பக்கச் சத்தம் நிற்கும். மெஷினை அணைத்து, பிளக்கைத் துளைக்குள் வைத்தே பத்துப் பதினைந்து தடவை இடம் வலமாகத் திருகுங்கள். அந்தச் சுரண்டலே பாதி சரி செய்யும். பிறகு ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த காது குடையும் பஞ்சால் துடையுங்கள். கசெட்டின் செப்புப் பற்களுக்கும் இதே. கறுத்திருந்தால் முதலில் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துவிட்டு, தூளைத் துடைத்து, பிறகு அல்கஹோல். வாயால் ஊத வேண்டாம். ஊதும்போது போவது காற்று மட்டுமில்லை, ஈரமும் சேர்ந்துதான், செம்பு இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

நுவரெலியாக் குளிரில் ஜன்னலோர அலுமாரியில் இருந்த மெஷினை அடுப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால் உடனே போடாதீர்கள், உள்ளே பனி வேர்த்திருக்கும். ஒரு மணி நேரம் விடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வரும்போது கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. டிஷ் வயரையும் டிவியிலிருந்து கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாக டிவிக்குள் வந்து, ஏவி வயரில் இறங்கிக் கேமையும் கொண்டுபோகும்.

சரி, பெட்டி வாங்குவதென்றால்

சாதாரண ஏவி-எச்டிஎம்ஐ கன்வெர்டர், ஏவி துளையே இல்லாத டிவிக்கு மட்டும். அதை டிவியின் யூஎஸ்பி துளையில் மாட்டாமல் போன் சார்ஜரில் மாட்டுங்கள், படம் விட்டு விட்டு வருவது அதில் பெரும்பாலும் நிற்கும். 720, 1080 என்று சுவிட்ச் இருந்தால் இரண்டையும் பார்த்துவிட்டுக் கண்ணுக்குப் பிடித்ததை வையுங்கள்.

240பியைச் சரியாகப் புரிந்துகொள்ளும் பெட்டிகளில் ரெட்ரோடிங்க் வரிசையும் ஓஎஸ்எஸ்சியும் பேர் பெற்றவை. வெளிநாட்டிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும், சுங்கத் தீர்வையும் சேரும். ஓஎஸ்எஸ்சி தாமதமே சேர்க்காது, ஆனால் முதல் மாடலில் மஞ்சள் வயருக்கு இடமில்லை, ஆர்ஜிபியோ கொம்போனன்ட்டோ வேண்டும். டிவி கேம் வைத்திருப்பவருக்கு அது பயன்படாது. ரெட்ரோடிங்க் 2எக்ஸ், 5எக்ஸ் இரண்டும் மஞ்சளை ஏற்கும். சால்டர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஜிபிஎஸ் 8200 என்ற மலிவுப் போர்டில் சின்ன வைஃபை சிப் ஒன்றைச் சேர்த்து, ஜிபிஎஸ் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை ஏற்றும் வழி உண்டு. விலைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் கணிப்பு. 4கே டிவி என்றால் 240 வரி சரியாக ஒன்பது மடங்கில் 2160 ஆகிவிடும். 1080 டிவியில் நாலரை மடங்கு வருவதால் ஒன்று கொஞ்சம் வெட்ட வேண்டும், அல்லது சிறிதாக விட வேண்டும். ஆனால் ஒரு டிவி கேமுக்காக இவ்வளவு செலவு செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. பிஎஸ் 2, மெகா டிரைவ் என்று நாலைந்து மெஷின் சேர்த்து வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

வாத்துச் சுடும் துப்பாக்கி வேலை செய்யவில்லை

செய்யாது. ரிமோட், வயர், பெட்டி எதனாலும் முடியாது. விசையை அமுக்கியதும் கேம் திரையைக் கறுப்பாக்கி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் காட்டும். துப்பாக்கி முனையில் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தை அதே நொடித்துளியில் பார்க்க வேண்டும். எல்ஈடி டிவி படத்தைத் தாமதித்துக் காட்டுகிறது, குழாய் டிவியின் வெளிச்சம் துடிப்பது போல அதன் வெளிச்சம் துடிப்பதும் இல்லை. பிஎஸ் 1இன் கன்கொன் துப்பாக்கிக்கும் குழாய் டிவியே வேண்டும்.

ஆகவே மூலைக்குப் போன பெட்டி டிவியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அது வேலை செய்கிற நிலையில் இருந்தால் மேலே எழுதியதில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையே இல்லை: 240பி, மங்கல், தாமதம் எதுவும் அதில் கோளாறாக வராது. பின்பக்கத்தை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும், அது டிவி பாஸின் வேலை. யாரிடமாவது கேட்டு வாங்குவதென்றால், போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் படம் மஞ்சளிக்காமல், மூலைகளில் கலர் திட்டு இல்லாமல், முன்பக்கம் மஞ்சள் துளையோடு 21 அங்குலம் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டும், கண்ணாடிப் பக்கம் நெஞ்சுக்கு நேரே இருக்கட்டும்.